விரிவுரை மண்டபமும் விறாந்தையும்

மாத்தளை மாவட்டத்துக்குள் அரச பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. உக்குவளையிலோ இரத்தோட்டையிலோ எல்கடுவைத் தோட்டத்திலோ பிறந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பேராதனைதான். ஏ-9 வீதியில் கண்டிவரை ஏறக்குறைய 26 கிலோமீற்றர். அங்கிருந்து இன்னும் கொஞ்சத் தூரம். சிறிமாவோ பண்டாரநாயக்க சிறப்புச் சிறுவர் வைத்தியசாலையும் அதே பேராதனையில் இருக்கிறது. மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளையை, மாத்தளைப் பெற்றோர் தூக்கிக்கொண்டு போவது அங்கேதான்.

இரண்டு இடங்களும் ஒரே ஊரில் இருந்தாலும் நமது எண்ணத்தில் அவற்றுக்கிடையே பாதை இல்லை. ஓட்டிசம் என்றால் சிறுபிள்ளைகளின் விடயம், கிளினிக்கின் விடயம், பேச்சுப் பயிற்சியின் விடயம் என்றே எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பிள்ளை உயர்தரம் எழுதிப் பட்டம் பெற்று, ஒருநாள் விரிவுரையாளராக வகுப்பின் முன் நிற்கலாம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. ஆனால் உலகின் பல பல்கலைக்கழகங்களில் ஓட்டிச இயல்புள்ளவர்கள் கற்பித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவர்களே எழுதிய நூல்களும் வந்திருக்கின்றன. அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒரு செய்தி தெளிவானது. இவர்களுக்குக் கற்பிப்பது பெரும் சிரமமாக இருப்பதில்லை. கற்பித்தலைச் சுற்றிக் கிடப்பவை, யாரும் எழுதிவைக்காமல் எல்லாருக்கும் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளும் வழக்கங்கள், அவையே இவர்களை வெளியே தள்ளுகின்றன.

ஓட்டிச இயல்புள்ளவர் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கலாம் என்ற எண்ணம் புதியதல்ல. 1943இல் அமெரிக்காவில் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஓட்டிசத்தை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேகர் எழுதிய கட்டுரையில், தான் சிறுவயதிலிருந்து கவனித்துவந்த ஒருவர் வானியல் படித்து, நியூட்டனின் கணிப்பில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, பல்கலைக்கழக ஆசிரியரானதைக் குறிப்பிடுகிறார். ஆக, ஓட்டிச இயல்புள்ள உயர்கல்வி ஆசிரியர் என்பவர் இந்தத் துறையின் தொடக்க ஏடுகளிலேயே இருந்திருக்கிறார். அதே அஸ்பேகர் நாஸி ஆட்சிக்காலத்தில் குழந்தைகளை அம் ஸ்பீகல்குறுண்ட் நிலையத்துக்கு அனுப்புவதில் பங்கெடுத்தார் என்பதையும், அங்கே குழந்தைகள் கொல்லப்பட்டார்கள் என்பதையும் 2018இல் ஹெர்விக் செக் ஆவணங்களோடு வெளியிட்டார். திறமை தெரிந்த பிள்ளைகளைப் பற்றி நல்லதாக எழுதிய அதே கை மற்றப் பிள்ளைகளைக் கைவிட்டிருக்கிறது. ஓட்டிச இயல்புள்ள பேராசிரியர்களைப் பற்றிப் பெருமையாக எழுதும்போது இதை மறக்கக் கூடாது. பேசாத பிள்ளையின் மதிப்பைக் குறைத்துவிட்டுப் பேராசிரியரின் மதிப்பை உயர்த்த எனக்கு விருப்பமில்லை.

இறந்துபோன மேதைகளைத் தேடிப்பிடித்து இவருக்கும் ஓட்டிசம், அவருக்கும் ஓட்டிசம் என்று சொல்லும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதையும் ஒதுக்கிவிடலாம். தாமாக முன்வந்து சொன்னவர்களே போதும்.

டெம்பிள் கிராண்டின் 1947இல் பிறந்தவர். சிறுவயதில் பேச்சு வரத் தாமதமானது. 1989இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம் கற்பித்துவருகிறார். கால்நடைகளைப் பதற்றமில்லாமல் நடத்திச்செல்லும் தொழுவ அமைப்புகளை வடிவமைத்தவர் என்றே அந்தத் துறையில் அவருக்குப் பெயர். பட்டப்பின்படிப்பு மாணவியாக முதல் உரை நிகழ்த்தப் போனபோது பயந்து அரங்கைவிட்டு வெளியேறிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு நல்ல படவில்லைகளைத் தயாரித்துக்கொண்டார், அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதைப் படங்கள் நினைவூட்டின, உரை வசப்பட்டது. மேடைப் பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அவர் கண்ட வழி கவனிக்க வேண்டியது. என்ன வரப்போகிறது என்பது முன்கூட்டியே கண்முன் இருந்தால் போதும் என்பதுதான் அது.

ஸ்டீபன் ஷோர் 18 மாத வயதில் பேச்சை இழந்தவர். பராமரிப்பு நிலையத்தில் சேர்த்துவிடுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னதைப் பெற்றோர் ஏற்கவில்லை. இன்று நியூயோர்க் மாநிலத்தின் அடெல்ஃபி பல்கலைக்கழகத்தில் விசேட கல்விப் பேராசிரியர். இங்கிலாந்தின் கென்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேமியன் மில்டனுக்கு, மகனின் ஓட்டிசம் அறியப்பட்ட பிறகே தனக்கும் அது இருப்பது தெரிந்தது. நடுவயதில், பிள்ளையின் வழியாகத் தன்னை அறிந்துகொள்ளும் பெற்றோர் பலர் உண்டு. மாத்தளையில் ஒரு தகப்பனுக்கோ தாய்க்கோ இது நேர்ந்தால், அதை உரக்கச் சொல்ல இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மில்டன் 2012இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையின் போக்கை மாற்றியது. ஓட்டிச இயல்புள்ளவர்களுக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்பதே அதுவரை ஆண்ட கருத்து. மில்டன் அதை மறுபக்கமும் திருப்பிப் பார்த்தார். மற்றவர்களுக்கும் இவர்களின் மனம் புரிவதில்லையே, புரியாமை இருபக்கமும்தானே இருக்கிறது என்றார். இதைச் சோதித்துப் பார்க்க எடின்பரோவில் கதரின் குரொம்டன் குழுவினர் 72 பேரை எட்டுப் பேர் கொண்ட ஒன்பது வரிசைகளாக நிறுத்தி, ஒரு கதையை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சொல்லவைத்தார்கள். 2020இல் வந்த முடிவின்படி ஓட்டிச இயல்புள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசையைப் போலவே நன்றாகக் கைமாறியது. இருவரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. 2025இல் முந்நூறுக்கு மேற்பட்டவர்களோடு பெரிதாக மீண்டும் செய்தபோது கலந்த வரிசையிலும் அந்தச் சிதைவு தென்படவில்லை. மில்டனின் கருத்துக்கு இது நேரடியான ஆதரவு அல்ல. ஆனாலும் என் கேள்விக்கு இரண்டு ஆய்வுகளும் ஒரே பதிலைத்தான் தருகின்றன. தெரிந்ததை இன்னொருவருக்குக் கடத்துவதில் ஓட்டிச இயல்புள்ளவர்கள் குறைந்தவர்கள் அல்ல. ஆசிரியர் தொழிலின் அடிப்படை அதுதானே?

விரிவுரை என்ற வடிவத்தை யோசித்துப் பாருங்கள். யார் பேசுவது, யார் கேட்பது என்பது தீர்மானமான ஒன்று. தொடக்க நேரம், முடிவு நேரம், பாடப்பொருள் எல்லாம் முன்பே தெரியும். ஒரு பொருளில் ஆழ்ந்து கிடப்பதற்குச் சம்பளமும் கிடைக்கிறது. டைனா மறி, மைக் லெசர், வென் லோசன் மூவரும் 2005இல் முன்வைத்த விளக்கப்படி, ஓட்டிச இயல்புள்ள மனத்தின் கவனம் பல இடங்களில் பரவாமல் ஒரே வாய்க்காலில் பாய்கிறது. அப்படிப் பாயும் கவனத்துக்கு, பதினைந்து வாரம் ஒரு பாடத்தை அடிமுதல் நுனிவரை எடுத்துச் சொல்வதைவிடப் பொருத்தமான வேலை குறைவு.

விரிவுரை முடிந்து கதவைத் திறந்து விறாந்தைக்கு வந்ததும் கதை மாறுகிறது. ஐந்து மாணவர்கள் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பார்கள். பக்கத்து அறை விரிவுரையாளர் சிரித்துக்கொண்டு ஏதோ சொல்வார்; அது பகிடியா குறையா என்று பிரித்தறிய வேண்டும். திணைக்களக் கூட்டத்தில் பேசப்படுவது ஒன்று, முடிவானது இன்னொன்று. தேநீர் வேளையில் யார் யாருடன் அமர்கிறார்கள் என்பதிலேயே அடுத்த தலைவர் யார் என்பது தீர்ந்திருக்கும். இலண்டன் சவுத் பேங்க் பல்கலைக்கழகத்தின் நிக்கொலா மார்ட்டின், ஐக்கிய இராச்சியத்தில் கற்பிக்கும், ஆய்வு செய்யும் ஓட்டிச இயல்புள்ளவர்களிடம் கேட்டு எழுதிய கட்டுரையும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. அவர்களைச் சோர வைப்பவை இரைச்சலும் தெளிவில்லாத எதிர்பார்ப்புகளும் திடீர் மாற்றங்களும்.

இவற்றைச் சமாளிக்கப் பலர் கண்டுகொண்ட வழி மறைத்து நடப்பது. கண்ணைப் பார்த்துப் பேசப் பழகுவது, சிரிக்க வேண்டிய இடத்தை மனப்பாடம் செய்வது, கை அசைவை அடக்குவது. லோறா ஹல் குழுவினர் 2017இல் இதை விரிவாகப் பதிவுசெய்தார்கள். பலன் உண்டு; வேலை கிடைக்கிறது, நிலைக்கிறது. விலையும் உண்டு. தானும் ஓட்டிச இயல்புள்ளவரான ஆய்வாளர் டோறா றேமேக்கரும் சகாக்களும் 2020இல் எழுதிய கட்டுரை அந்த விலையை விவரிக்கிறது. மாதக்கணக்கில் நீளும் களைப்பு, முன்பு செய்ய முடிந்தவற்றைச் செய்ய முடியாமற்போவது, ஒளியும் ஒலியும் தாங்க முடியாததாவது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சோம்பல் போலவோ திமிர் போலவோ தெரியும். நம் ஊரில் அதற்கு ஆயத்தமான பேச்சும் இருக்கிறது: "சேர் ஒரு மாதிரி", "ஆருடனும் ஒட்டமாட்டார்", "படிச்ச தலைக்கனம்".

பெண்களுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு. ஆண் விரிவுரையாளர் யாருடனும் பேசாமல் புத்தகத்தோடு இருந்தால் அவரைப் பெரிய படிப்பாளி என்று சொல்ல நம் சமூகத்துக்குப் பழக்கம் உண்டு. வீட்டில் எல்லாவற்றையும் மனைவி பார்த்துக்கொள்வார். அதே இயல்புள்ள பெண் விரிவுரையாளரிடமோ விருந்தினரை வரவேற்கும் முகம், மாணவிகளின் கண்ணீரைக் கேட்கும் காது, விழா ஏற்பாடு, வீட்டுக்குப் போனால் உறவுக்காரரின் கலியாணம் காட்சி என்று எல்லாமே எதிர்பார்க்கப்படுகின்றன. மறைத்து நடப்பதில் பெண்கள் தேர்ந்தவர்களாக இருப்பதும், அதனாலேயே அவர்களுக்கு உண்மை தெரிய வருவது பிந்துவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி.

இனி நம் பக்கம். இலங்கையில் ஓட்டிசம் பற்றிய அறிவுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் குழந்தை மனநல மருத்துவர் ஹேமமாலி பெரேரா. அவரும் சகாக்களும் நகரை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாத வயதுள்ள 374 குழந்தைகளைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் அது சொன்ன இன்னொரு விடயம் முக்கியமானது. மேற்கு நாடுகளில் பயன்படும் கேள்விப் படிவத்தை இங்குள்ள தாய்மாரிடம் கொடுத்தபோது பல பிள்ளைகளை அது தவறவிட்டது. அதனால் பிறகு படங்களைக் காட்டிக் கேட்கும் முறை ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். குழந்தைகளுக்காவது இந்த அளவு முயற்சி நடந்திருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு என்று பேசத் தொடங்கினால் பேச்சு மிகச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. வளர்ந்தவர்களிடம் பார்க்கப்படும் அறிகுறிகளும் நமக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணைப் பார்க்காமல் பேசுவது மேற்கில் ஓர் அடையாளம். நமது வீடுகளில் பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவது மரியாதை. இங்கே பல ஆண்டுகள் ஒருவரின் இயல்பு மரியாதைக்குள் ஒளிந்து கிடக்கலாம்.

மாத்தளைப் பிள்ளை ஒன்றின் பாதையைக் கற்பனை செய்துகொள்வோம். இந்து தேசிய கல்லூரியிலோ பாக்கியம் தேசிய கல்லூரியிலோ உயர்தரம். தோட்டத்துப் பிள்ளையானால் சுவருக்குச் சுவர் சத்தம் கேட்கும் லயன் அறை; தனியாக ஒதுங்க மூலை இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் ஐந்து வீத இடங்கள் கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உண்டு. நுவரெலியாவும் பொலன்னறுவையும் அதில் இருக்க, மாத்தளை இல்லை. தோட்டத்தில் படித்தாலும் மாவட்டம் முழுவதுடனும் போட்டியிட்டுத்தான் போக வேண்டும். இதையும் தாண்டிப் பேராதனைக்குப் போனால் அங்கே காத்திருப்பது பகிடிவதை.

பகிடிவதையைப் பற்றி எழுதும்போது ஓட்டிச இயல்புள்ள மாணவரை யாரும் நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன். எழுதப்படாத விதிகளை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டும். எப்போது சிரிக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், யாரை எப்படி அழைக்க வேண்டும் என்பதெல்லாம் கத்தலோடு வரும். தனியாகச் சாப்பிடுவதே குற்றம். 1997இல் பேராதனைப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்த பிறகும் வதை நின்றுவிடவில்லை. முதல் ஆண்டிலேயே படிப்பை விட்டு வீடு திரும்புகிறவர்களில் எத்தனை நல்ல ஆசிரியர்களை இழந்திருக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பல்கலைக்கழக ஆசிரியராக வேண்டுமென்றால் முதலில் பல்கலைக்கழக மாணவராகத் தப்பிப்பிழைக்க வேண்டும்.

தப்பி, முதல் வகுப்பும் பெற்றுவிட்டால் அடுத்தது தற்காலிக விரிவுரையாளர் பதவி, பிறகு தகுதிகாண் விரிவுரையாளருக்கான நேர்முகப் பரீட்சை. நோவா சாசனும் சகாக்களும் 2017இல் செய்த ஆய்வை எல்லாத் தெரிவுக் குழுக்களும் படிக்க வேண்டும். ஓட்டிச இயல்புள்ளவர்கள் பேசும் சிறு காணொளிகளைப் பார்த்தவர்கள், சில விநாடிகளுக்குள்ளேயே இவருடன் பழக விருப்பமில்லை என்ற பக்கம் சாய்ந்தார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்தச் சாய்வு மறைந்துவிட்டது. சொன்ன விடயத்தில் குறை இருக்கவில்லை. குரலிலும் முகத்திலும் எதிர்பார்த்தது இல்லாததே குறையாகத் தெரிந்திருக்கிறது. நீள்மேசைக்கு அப்பால் துணைவேந்தரும் பீடாதிபதியும் அமர்ந்திருக்க, இந்தப் பக்கம் தனி நாற்காலியில் தமிழ் மொழிமூலம் படித்துவந்த ஒருவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் காட்சியில், அந்தச் சில விநாடிகளின் பாரம் எவ்வளவு என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பார்வை ஒருபக்கமாகிவிடும். நமது பல்கலைக்கழகங்களில் ஓட்டிச இயல்புள்ளவருக்குச் சாதகமான சிலவும் உண்டு. யாரை சேர் என்பது, யாரை மெடம் என்பது, யார் சிரேஷ்டர் என்பதெல்லாம் இங்கே பழகிய ஒழுங்கு. மேற்கில் பல இடங்களில் பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். எப்போது வேண்டும், எப்போது கூடாது என்பது தலைவலி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகள் பதவி உயர்வுக்கு எத்தனை புள்ளி என்பதைக்கூட எழுத்தில் தருகின்றன. நியமனம் உறுதியானால் ஓய்வு வயதுவரை இருக்கலாம். மேற்கின் இளம் விரிவுரையாளர்கள் பலர் ஆண்டுதோறும் ஒப்பந்தத்துக்காக அலைகிறார்கள்.

பாதகமானவற்றில் இன்னும் சொல்லாத ஒன்று பெரியது. இங்கே நாட்காட்டி நிலையில்லை. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம், கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு வீதம் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது. 2020இல் விரிவுரைகள் திடீரென ஸூமுக்கு மாறின. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது. 2024இல் கல்விசாரா ஊழியர்கள் நீண்ட பணிப்புறக்கணிப்பில் இறங்கினார்கள். போராட்டங்களில் நியாயம் இருந்தது. ஆனால் நேரசூசியைப் பற்றிப்பிடித்துக்கொண்டே நாளைக் கடக்கும் ஒருவருக்கு, நாளை வகுப்பு உண்டா இல்லையா என்ற நிலை மாதக்கணக்கில் நீள்வது உடலையே வருத்தும். ஸூம் வகுப்புச் சிலருக்கு ஆறுதலாக இருந்தது. வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாமே கட்டுப்படுத்தலாம். முகமில்லாத கறுப்புப் பெட்டிகளிடம் பேசுவது வேறு சிலருக்கு வேதனை.

சட்டம் கைகொடுக்குமா? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், வேலைக்கு எடுப்பதிலும் கல்வி நிலையத்தில் சேர்ப்பதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் யார் மாற்றுத்திறனாளி என்று அது தரும் வரைவிலக்கணத்தைப் படித்தால் சிக்கல் புரியும். உடல் அல்லது உளக் குறைபாட்டால் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர்தான் அதன் கண்ணில் மாற்றுத்திறனாளி. மாதச் சம்பளம் வாங்கி, வாடகை கட்டி, வகுப்பெடுக்கும் விரிவுரையாளர் அதற்குள் எப்படி வருவார்? பாதுகாப்பு வேண்டுமென்றால் இயலாதவர் என்று நிரூபிக்க வேண்டும். வேலை வேண்டுமென்றால் இயலுமானவர் என்று நிரூபிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச வெற்றிடங்களில் மூன்று வீதத்தை ஒதுக்கியது. அதுவும் கடமைக்கு இடையூறாகாத குறைபாடு என்ற நிபந்தனையோடு. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்து, அரசுப் பணிகளின் நான்கு வீத ஒதுக்கீட்டில் ஒரு வீதத்தை அது உள்ளிட்ட பிரிவினருக்கு வைத்தது. இலங்கை ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயத்தை 2016 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. வேலையிடத்தில் நியாயமான வசதி செய்து தருவது கடமை, தர மறுப்பது பாகுபாடு என்பது அந்தச் சமவாயத்தின் நிலை. உள்நாட்டுச் சட்டத்தின் வரைவிலக்கணம் அந்த இடத்துக்கு இன்னும் வந்துசேரவில்லை.

சட்டம் மாறும்வரை எல்லாரும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்று அறிவுரை கூற எனக்கு மனம் வரவில்லை. மாத்தளை சிறிய ஊர். ஒருவர் சொன்னால் அது தங்கச்சியின் கலியாணப் பேச்சுவரை போகும். யார் என்று தெரியாமலே உதவக்கூடிய ஏற்பாடுகள்தான் இப்போதைக்குச் சரியானவை என்று நினைக்கிறேன். கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை அனுப்புவது, கூட்டம் முடிந்ததும் தீர்மானத்தையும் யாருக்கு என்ன வேலை என்பதையும் எழுதி அனுப்புவது, நேரசூசி மாறினால் வாய்ச்சொல்லாக விடாமல் மின்னஞ்சலில் சொல்வது, புதிய விரிவுரையாளர் தயங்காமல் கேள்வி கேட்கக்கூடிய ஒரு மூத்தவரைக் காட்டிவிடுவது, மாணவர்கள் கேள்விகளை எழுதியும் தரலாம் என்று வைப்பது, சத்தமில்லாத ஓர் அறையைத் திறந்துவைப்பது. தோட்டத்திலிருந்து முதல் தலைமுறையாக வந்து, பல்கலைக்கழகத்து வழக்கம் எதுவும் தெரியாமல் தடுமாறும் விரிவுரையாளருக்கும் இவை அத்தனையும் உதவும். எழுதப்படாத விதி அவரையும் அதே விறாந்தையில்தான் நிறுத்திவைக்கிறது.

இவற்றுள் முதலில் எதைச் செய்வது என்று கேட்டால் நேர்முகப் பரீட்சையைச் சொல்வேன். விண்ணப்பித்த எல்லாருக்கும் பொதுக் கேள்விகளை முதல்நாளே எழுத்தில் அனுப்பலாம். மாதிரி விரிவுரைக்குக் கூடுதல் இடமும் பேச்சுச் சரளத்துக்குக் குறைந்த இடமும் கொடுக்கலாம். பதிலுக்கு முன் ஒருவர் மௌனமாக யோசித்தால் அந்த மௌனத்துக்குப் புள்ளி குறைக்க வேண்டாம் என்று குழுவுக்குள் பேசிவைத்துக்கொள்ளலாம். இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை, திறைசேரியிடம் பணம் கேட்க வேண்டியதும் இல்லை. அடுத்த விரிவுரையாளர் வெற்றிடம் பத்திரிகையில் விளம்பரமாகும்போதே பேராதனையின் ஏதாவதொரு பீடம் இதைத் தொடங்கலாம்.